எதிர்ச்சுற்று

பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிற நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளை, சைக்கிள் கூட்டத்தார் அட்டவணையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் கூட்டம் ஞாயிறுதோறும் எங்கே போக வேண்டும், எங்கே இளைப்பாற வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதும் அவள்தான். இத்தனைக்கும் அவள் சைக்கிள் மிதிப்பதில்லை. முழங்கால் ஒத்துழைக்காது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவனின் மஞ்சள் வேனில் பழமும் தண்ணீரும் மாற்று ட்யூப்களும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்க் காத்திருப்பாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். நாற்பத்தொரு வயது. கல்யாணம் சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து ஐந்து வருடம் ஆகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பது அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. இயந்திரத்தின் கிர்ரென்ற சத்தம், ஈரமான வெள்ளைத் தூள், தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு. அவ்வளவுதான் அவள் உலகம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கையை நீட்டிச் சுவரைக் காட்டி, "ஊருக்கெல்லாம் தூரப் பார்வைக்கு அரைச்சுக் குடுக்கறேன் அண்ணி. எனக்குத் தூரம்னா எதிர்ச்சுவருதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அட்டவணையம்மா திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தாள்.

அன்றைக்கே முடிவு செய்தாள். கண்ணுக்கு எட்டுகிறவரை எதுவும் குறுக்கே நிற்காத ஒரு வழியில் இவளைக் கொண்டுபோய் விட வேண்டும்.

வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து, தையல் நூலை நனைத்துச் சாலைகளின் மேல் ஒட்டி ஒட்டி அளந்தாள். இதுவரை அவர்கள் போனதெல்லாம் போன வழியே திரும்புகிற பயணங்கள். இப்போது அவள் போட நினைத்தது ஒரு முழுச் சுற்று. ஊரை விட்டு இறங்கி, கடலோரத்து வயல்களின் நடுவே ஓடி, கடலைத் தடுத்துப் போட்டிருக்கும் மண்கரையின் மேலேறி, பிறகு உள்நாட்டுக் குன்றுகளின் அடியாக ஊருக்கே வந்து சேர வேண்டும். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கிப் பார்த்தாள். முட்டைக்கோஸ் வரிசைகள் கடல் பக்கமாக ஓடி, ஒரே புள்ளியில் முடிந்தன. வெங்காயம் பிடுங்கிக் காயப் போட்டிருந்த வயல்கள் செம்புத் தகடு பரப்பியது போலிருந்தன. வாய்க்கால்களின் ஓரம் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று அவளையே சந்தேகமாகப் பார்த்தன. இதைப் பார்த்தால் நாத்தனார் ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. பேச்சு நிற்காதவளைப் பேச்சு நிற்க வைப்பதுதானே அழகு.

ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. கழிமுகத்துக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. நானூறு மீட்டர் நீளம், இரண்டு ஓரத்திலும் பத்து மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைக் கம்பங்கள். அந்தப் பாலம் இல்லாவிட்டால் சுற்று சுற்றாகாது. இரண்டு நுனியும் சேராமல் லாடம் மாதிரி நின்றுவிடும். கடல் ஏறும்போது அந்தப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். நாளைக்கு இரண்டு முறை.

அங்கே மதகு பார்க்கிற ஒருவர் குந்தியிருந்து பல்சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பாலத்தின் நடுப்பகுதி முழுகத் தொடங்கும், மறுபடி தலை காட்ட மத்தியானம் இரண்டரை ஆகும் என்று கணக்குச் சொன்னார். பாலத்தின் நடுவில் தொட்டில் போலத் தொய்வு இருப்பதையும் சொன்னார். ரோடு வெளியே தெரிகிறது என்று நம்பி இறங்குகிறவர்களை அந்தத் தொய்வுதான் வாங்கிக்கொள்ளுமாம். போன வருடம் ஒரு டிராக்டரின் பின்பெட்டி போனது.

"ஆழத்தைப் பாக்காதீங்கம்மா," என்றார் மதகுக்காரர். "முழங்கால் தண்ணிதான் இருக்கும். ஆனா அது நேரா வராது, பக்கவாட்டுல இழுக்கும்."

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டாள். ஏழு மணிக்குப் புறப்பாடு. பன்னிரண்டாவது கிலோமீட்டரில், ஏழு ஐம்பதுக்கு, வெங்காயக் கொட்டகை வாசலில் பழமும் தண்ணீரும். பதினெட்டாவது கிலோமீட்டரில், எட்டு முப்பத்தைந்துக்கு, தரைப்பாலம். கடல் ஏற இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் மிச்சம். அதற்கப்புறம் நாற்பது கிலோமீட்டர் பயமில்லாத வழி. பணிமனையில் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் மிச்சம் வைத்தாலே மேலதிகாரி முகம் சுளிப்பார், இங்கே ஐம்பத்தைந்து. அவளுக்கே தன் மேல் ஒரு பெருமை வந்தது.

நாத்தனாருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. ஏழு வயதில் யார் வீட்டுத் தொட்டியிலோ தலைகுப்புற விழுந்து, யாரோ காலைப் பிடித்துத் தூக்கிப் பிழைத்தவள். இன்றைக்கும் கண்ணைத் திறந்துகொண்டுதான் தலைக்குக் குளிப்பாள். வரைபடத்தில் நீலக் கோட்டின் மேல் நூல் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து அதையே கேட்டாள். பாலம் என்கிறீர்களே, அடியில் தண்ணீர் தெரியுமா, தெறிக்குமா, அங்கே மட்டும் என்னை வேனில் ஏற்றிக்கொள்ள முடியாதா. அட்டவணையம்மா அலுத்துப்போய், எல்லாருக்கும் கொடுக்கிற துண்டுச்சீட்டில் நாத்தனாருடையதில் மட்டும் சிவப்பு மையால் ஒரு வரி சேர்த்தாள். 'தரைப்பாலத்தில் தண்ணீர் இருக்காது. பயப்படாமல் போகலாம்.'

நாத்தனார் அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "நீங்க எழுதிட்டா சரி அண்ணி. அண்ணன் எழுதியிருந்தா நான் நீச்சல் கத்துக்கிட்டுத்தான் கெளம்பியிருப்பேன்."

உள்ளறையிலிருந்து அண்ணன்காரன், எனக்குக் காது கேட்கும் என்று குரல் கொடுத்தான்.

ஞாயிறு விடிந்தது. அட்டவணையம்மா ஆறரைக்கே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழரைக்கெல்லாம் வெங்காயக் கொட்டகை வாசலில் பழச் சீப்புகளைத் தொங்கவிட்டு, டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்காயத் தோல்கள் அவளைத் தாண்டிப் பறந்து போயின. அவை கடலை நோக்கிப் பறந்தன என்பதைக் கண் பார்த்தது. மனம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு ஐம்பது ஆயிற்று. எட்டு ஆயிற்று. பரவாயில்லை, யாருக்காவது பஞ்சராகியிருக்கும். எட்டே காலுக்குத் தையற்காரருக்குப் போன் போட்டாள். அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். அவர் கடை வாசலிலிருந்துதான் எப்போதும் புறப்பாடு. மணி அடித்து ஓய்ந்தது. சைக்கிளில் ஏறிய பிறகு போன் பைக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நாத்தனாருக்குப் போட்டாள். அதுவும் அப்படியே.

எட்டரை. சாலை, துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது. லாரி ஏதாவது மோதியிருக்குமோ. முதல் பத்து கிலோமீட்டரில் ஒரு வளைவு உண்டு, அங்கே எதிரே வருவது தெரியாது. பழச் சீப்புகளை அப்படியே விட்டுவிட்டு வேனை ஊர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டில் கூட்டம் கூடியிருக்கிறதா, சைக்கிள் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. பன்னிரண்டு பேர் எங்கே போய்விட முடியும்?

தையற்காரர் கடை வாசலில் தெருப் பெருக்குகிற பெண் ஒருத்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வேன் கதவைத் திறக்காமலே அட்டவணையம்மா விசாரித்தாள்.

"சைக்கிள்காரங்களா? ஏழு மணிக்கெல்லாம் போயாச்சே."

"இந்த வழியாவா?"

"இல்லம்மா, அந்தப் பக்கம். காத்து மாறிடுச்சு, இன்னிக்கு திருப்பிச் சுத்தலாம்னு பேசிக்கிட்டாங்க."

கடைக் கதவின் கொக்கியில் தையற்காரர் கட்டிவிட்ட வெள்ளைத் துணித் துண்டு கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஆடியது. அது அவருடைய வழக்கம். காலையில் துணியைக் கட்டிப் பார்ப்பார். எதிர்க்காற்றைத் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வேண்டும். இரண்டு மாதமாகக் கடலிலிருந்துதான் காற்று. அதை நம்பித்தான் கடல் பக்கத்தை முதலில் வைத்திருந்தாள். ஒரே இரவில் காற்று புரண்டு படுத்துவிட்டது.

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததா? தெரியும். பத்தொன்பது வருடமாக அவள் போட்ட ஒவ்வொரு அட்டவணையிலும் இரண்டு பத்தி உண்டு: போகும் நேரம், வரும் நேரம். ஒன்றை எழுதி மற்றதை எழுதாமல் ஒருநாளும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆனால் இது வட்டம். வட்டத்துக்கு ஏது போவதும் வருவதும், சுற்றி வந்தால் தீர்ந்தது என்று அவள் கை ஒரே பத்தியோடு நின்றுவிட்டது. வட்டத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது ஒரு சின்னக் குழந்தைக்குத் தெரியும்.

கணக்கு தானாகவே ஓடியது, நிறுத்த முடியவில்லை. திருப்பிச் சுற்றினால் தரைப்பாலம் பதினெட்டில் வராது, நாற்பதில் வரும். எதிர்க்காற்று, இளைப்பாற ஒரு பத்து நிமிடம். ஒன்பதே முக்காலிலிருந்து பத்துக்குள். தண்ணீர் ஒன்பதரைக்கு. இப்போது ஒன்பதாகிறது.

நாத்தனார் பையில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது.

பின்னாலேயே துரத்தினால் நாற்பது கிலோமீட்டர். முன்னால் போய் மறித்தால் பதினெட்டு. ஆனால் முன்னால் போனால் அவள் நிற்கப்போவது பாலத்தின் இந்தக் கரையில். அவர்கள் வந்து சேரப்போவது அந்தக் கரையில். வேறு வழியில்லை. வேனைத் திருப்பினாள்.

பதினெட்டு கிலோமீட்டரும் அவளே தேர்ந்தெடுத்த அழகான வழி. குறுகல், வளைவு, இரண்டு பக்கமும் வாய்க்கால். அழகுக்காகத் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வளைவும் இப்போது கழுத்தைப் பிடித்தது. நடுவில் வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் நிதானமானவர். அரை அடி முன்னே, ஒரு அடி பின்னே. அட்டவணையம்மா ஒலிப்பானை அழுத்தினாள். அவர் கையை வெளியே நீட்டி, இதோ ஆயிற்று என்று காட்டினார். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் அவள் கும்பிட்டாள், திட்டினாள், ஒருமுறை வாய்விட்டு அழக்கூடச் செய்தாள். தாழ்வான அந்த வயல்வெளியில் போனில் சிக்னல் இல்லை, உயிரே இல்லை.

கரையின் மேல் வேன் ஏறியபோது ஒன்பது ஐம்பது.

மதகுக்காரரின் குடிசை பூட்டியிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில், சத்தமே இல்லாமல், இடது பக்கமிருந்து கழிமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அலை இல்லை, நுரை இல்லை. பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்தில் மெல்ல உயருமே, அது போல. பாலத்தின் இரண்டு நுனியும் உலர்ந்த சாலையாக வெளியே தெரிந்தன. நடுவில் சாலையே இல்லை. வெள்ளைக் கம்பங்கள் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து முளைத்து நின்றன.

அந்தக் கரையில், பாலம் தொடங்குகிற இடத்தில், ஒரே ஒரு சைக்கிள். பக்கத்தில் ஒருத்தி. முகம் தெரியாத தூரம்தான், ஆனாலும் ஆரஞ்சு மேல்சட்டை தெரிந்தது. அவளே வாங்கிக் கொடுத்தது. இளைப்பாறிய பிறகு மெதுவாகப் போகிறவரை முதலில் அனுப்பிவிடுவது கூட்டத்தின் வழக்கம், எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று. அதனால் நாத்தனார் தனியாக வந்திருக்கிறாள். வந்தவள் நின்றிருக்கிறாள். தண்ணீரைப் பார்த்துப் பயந்து நின்றிருக்கிறாள்.

நின்றுவிட்டாள், பிழைத்தாள். அட்டவணையம்மா வேனிலிருந்து இறங்கி, கரையின் விளிம்புக்கு ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வீசினாள். வராதே, வராதே.

அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டையும் ஒரு கையைத் தூக்கி ஆட்டியது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தில் இறங்கியது.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தனியாக இருந்தவரை அந்தப் பெண் நின்றுதான் இருந்தாள். மஞ்சள் வேனைப் பார்த்ததும், அண்ணி கை ஆட்டுவதைப் பார்த்ததும், கூப்பிடுகிறாள் என்று நினைத்து இறங்கிவிட்டாள். துண்டுச்சீட்டில் எழுதியவளே எதிரில் வந்து நிற்கிறாள், இனி என்ன என்று.

கத்தினாள். காற்று இப்போது அவளைத் தாண்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. குரலையும் கூடவே அள்ளிக்கொண்டு போனது. ஓடிப்போய் ஒலிப்பானை அடித்தாள். ஆரஞ்சுச் சட்டை நடையைக் கொஞ்சம் கூட்டியது. போன் போட்டாள். கரையின் மேல் உயிர் வந்திருந்த போனில் மணி அடிப்பது இவள் காதுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண்ணின் பைக்குள் அடிப்பது அவள் காதுக்கு எட்டவில்லை.

நாலாவது கம்பம். ஐந்தாவது கம்பம். அங்கே சாலையின் மேல் தண்ணீர் படிந்து மினுங்கியது. தொய்வு பதினைந்தாவது கம்பத்தில் தொடங்குகிறது என்பது அட்டவணையம்மாவுக்குத் தெரியும், அவளே எண்ணியிருக்கிறாள். தான் இறங்கி ஓடினால்? இறங்கினால் அவள் இன்னும் வேகமாக வருவாள். அண்ணியே வருகிறாள், பாதி வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்று. கை வீசினால் வருகிறாள். கத்தினால் வருகிறாள். நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் வருவாள். தான் அங்கே இருப்பதுதான் அவளை இழுக்கிறது.

ஏழாவது கம்பத்தில் ஆரஞ்சுச் சட்டை தடுமாறி, சைக்கிளைப் பிடித்து நிமிர்ந்து, மறுபடி நடந்தது.

அட்டவணையம்மா திரும்பினாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். முழங்கால் வலியோடு, சேலை காலில் சிக்க, பேய் துரத்துகிற மாதிரி ஓடினாள். வேனில் ஏறி, கதவைக்கூடச் சாத்தாமல், கரையிலிருந்து பின்பக்கமாக வயல் சரிவுக்குள் இறக்கினாள். மஞ்சள் வேன் அந்தக் கரைக்குத் தெரியாமல் மறையும்வரை இறக்கினாள். பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள்.

இப்போது அவளுக்கு முன்னால் இருந்தது புல் முளைத்த மண்சுவர் மட்டும். அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது, தலையை நீட்டினால் அவள் பார்த்துவிடுவாள். ஐந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளை, தண்ணீருக்கு நடுவில் விட்டுவிட்டு, பள்ளத்தில் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தவறாகிவிட்டால் இதை யாரிடம் சொல்வது? வீட்டில் ஒருவன் இருக்கிறானே, தங்கைக்காக மத்தியானச் சாப்பாட்டைத் தானே செய்கிறேன் என்று சொன்னவன், அவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் பதினைந்து தப்படி. அவள் நடந்துகொண்டே இருந்தால் பதினைந்தாவது கம்பத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வேன் கடிகாரத்தில் நிமிட எண் மாறுவதாகவே இல்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை.

மூன்று நிமிடம் பொறுத்தாள். அதற்கு மேல் பொறுக்க அவளால் ஆகவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு சரிவில் தவழ்ந்து ஏறி, கண் மட்டும் தெரியத் தலையைத் தூக்கினாள்.

ஆரஞ்சுச் சட்டை ஒன்பதாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. முழங்கால்வரை தண்ணீர். சைக்கிளைக் காணோம். அந்தக் கரையில் மற்றவர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். இன்னொருவர், தையற்காரர்தான், ஒவ்வொரு கம்பமாகப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். கையை நீட்டினார். ஆரஞ்சுச் சட்டை கம்பத்தை விடவில்லை. அவர் ஏதோ பேசினார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு கை கம்பத்தை விட்டு அவர் கையைப் பற்றியது. பிறகு அடுத்த கை.

எட்டு. ஏழு. ஆறு. அட்டவணையம்மா புல்லில் மோவாயை வைத்துப் படுத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்று என்று எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை.

போன் அடித்தது. தையற்காரரின் எண். பேசியது நாத்தனார்.

"ஏன் அண்ணி என்னை விட்டுட்டு ஓடினீங்க?"

பல் தந்தியடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

"நீ நிக்கணும்னுதான். நான் அங்க இருந்தா நீ வந்துகிட்டே இருப்ப."

நாத்தனார் மெல்லச் சொன்னாள், அது அப்போது தனக்குத் தெரியாதென்று. அண்ணி ஓடியதைப் பார்த்ததும், அவள் எதையோ பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறாள் என்று தோன்றியதாம். "நீங்க எதுக்கும் பயந்து நான் பாத்ததில்லை. நீங்களே ஓடறீங்கன்னா அங்க பயப்பட ஏதோ இருக்குன்னு கால் நின்னுடுச்சு. தண்ணி சைக்கிளைப் புடுங்கிக்கிட்டுப் போச்சு. நான் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டேன்."

"அங்க தண்ணி இருக்கும்னு நான் எழுதியிருக்கணும்," என்றாள் அட்டவணையம்மா. "தப்பு என்னுது. ஒரு பக்கம் மட்டும்தான் பாத்தேன்."

தையற்காரர் போனை வாங்கினார். அட்டவணையம்மாவிடம் கேட்காமல் சுற்றைத் திருப்பியது தன் தப்பு, துணியைப் பார்த்தவன் கடலைப் பார்க்கவில்லை என்று அவர் தன் பங்குக்குப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார். இவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பேசி முடிக்க அது நேரமும் இல்லை. பாலம் இனி இரண்டரைக்குத்தான். வெட்டவெளி, நிழல் கிடையாது, பழமெல்லாம் கொட்டகை வாசலில். நனைந்தவர்கள் இரண்டு பேர்; அதில் ஒருத்திக்குச் சைக்கிள் இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், வழியைச் சொல்லுங்கள் என்றார் அவர், வழக்கம் போல.

வழியைச் சொல்லுங்கள். அந்த வார்த்தை அவளை மறுபடி உலுக்கியது. கண்ணை மூடினால் ஒவ்வொரு திருப்பமும் தெரிகிறது. எந்த வாய்க்காலில் கைப்பிடி இல்லை, எந்த வளைவில் லாரி வரும், எல்லாம். இதே நம்பிக்கையோடு பதினொரு பேர் மிதிப்பார்கள், ஒருத்தி நடப்பாள். தான் நாக்கில் வைப்பது அப்படியே அவர்கள் காலுக்குப் போய்விடும்.

நாத்தனாரே போனைத் திரும்ப வாங்கினாள்.

"சொல்லுங்க அண்ணி. நாங்க கேட்டுக்கறோம்."

"சீட்டைப் பாக்காதீங்க," என்றாள் அட்டவணையம்மா. "வந்த வழியிலயே ரெண்டு கிலோமீட்டர். ஒரு பம்பு கொட்டகை வரும், பக்கத்துல மேடு. நீ நடந்தே வா, தையக்காரரு உன்கூட நடக்கட்டும். அங்க நின்னுடுங்க. வயல்ல ஆள் இருந்தா அவங்ககிட்ட ஒருதரம் விசாரிங்க."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் எனக்குத் தெரியாது. நான் ஊர் வழியா சுத்திக்கிட்டு வரேன். ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்."

நாத்தனார் சரி என்றாள். போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, இரண்டு கரையிலும் இருந்தார்கள். நடுவில் கம்பங்களின் தலைகள் மட்டும் ஒரு வரிசையாகத் தெரிந்தன. அட்டவணையம்மா எழுந்து நின்று கையைத் தூக்கப் போனாள், பாதியில் இறக்கிக்கொண்டாள். அந்தக் கரையில் ஆரஞ்சுச் சட்டையும் அசையாமல் நின்றது.

"முதல்ல நீங்க கெளம்புங்க அண்ணி," என்றது போன். "நீங்க போனாத்தான் நான் இங்கேர்ந்து நகருவேன்."

வேனில் ஏறி உட்கார்ந்தாள். வண்டியை அந்தக் கரைக்குத் தெரியும்படி மேட்டில் ஏற்றி, பிறகு ஊர் பக்கம் திருப்பினாள்.